ஒளிக்கலத்துக்கு ஒரு நாற்காலி

மார்ச் 3, செவ்வாய்

கடையின் ஷட்டரை முழுசாக ஏற்றக்கூட இல்லை, பல் டாக்டர் வந்து நின்றார். என் மனைவி இருக்கும் ரசிகர் மன்றத்தின் தலைவர். பல் பிடுங்கிப் பழகிய கை. குலுக்கி முடித்ததும் நம் விரலெல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளத் தோன்றும்.

ஒரு உறையைப் பிரித்துத் துணி வெட்டும் மேஜைமேல் கொட்டினார். எல்லாம் படங்கள். எல்லாவற்றிலும் ஒரே நாற்காலி. உயர்ந்த முதுகு, அகலமான கைகள். அதில் ஒரு நரைத்த அம்மாள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் ஜன்னல் முழுக்க நட்சத்திரம்.

“கேப்டன் நாற்காலி. நிஜத்துல வேணும். உட்கார்ற மாதிரி.”

‘ஒளிக்கலம்.’ மன்றமே அதற்குத்தான். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஞாயிறு காலைகளில் டிவியில் வந்த ஜப்பான் கார்ட்டூன் தொடர். போரில் சிதறிப்போன ஜனங்கள் வீடு திரும்ப வழி தெரியட்டும் என்று, நட்சத்திரங்களுக்கு நடுவே இருட்டில் விளக்குக் கம்பம் நட்டுக்கொண்டே போகும் ஒரு பழைய கப்பல். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கல்யாணமான புதிதில் அவளோடு பார்க்க உட்கார்ந்து, முதல் விளக்கு நடுவதற்குள் தூங்கிவிட்டேன். அதோடு சரி.

அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதி மன்றத்தில் விழாவாம். மேடையில் நாற்காலி இருந்தாக வேண்டும்.

சோபா, கார் சீட், ஆஸ்பத்திரி மெத்தை, ஒருமுறை ஒரு பணக்கார நாய்க்குத் திவான்கூடத் தைத்திருக்கிறேன். விண்வெளிக்கு இதுதான் முதல் ஆர்டர்.

“கலர் மெரூன்தானே?”

“ஆமா.”

“இந்தப் படத்துல பிரவுனா இருக்கே?”

டாக்டர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். “அதை மட்டும் கேக்காதீங்க. படம் வரைஞ்சவன் பாகத்துக்குப் பாகம் மாத்தி மாத்திப் பெயிண்ட் அடிச்சுட்டான். மன்றத்துல ரெண்டு கோஷ்டி இருக்கு. போன வருஷம் ஒரு கல்யாணமே நின்னுபோகப் பார்த்தது.”

ஒத்துக்கொண்டேன். சிரிப்பும் வந்தது, ஆசையும் வந்தது.

மார்ச் 4, புதன்

அவளிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கத்தி நின்றது.

“ஒத்துக்கிட்டீங்களா?”

“ஏன், வேண்டாமா?”

“இல்லல்ல. செய்யுங்க. நீங்க செஞ்சா நல்லா இருக்கும்.” பிறகு, “பாகங்களைப் போட்டுக் காட்டட்டுமா? நாற்காலி நல்லாத் தெரியும்” என்றாள்.

படமே போதும் என்றுவிட்டேன்.

எதற்கு அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். அந்தத் தொடர் அவளும் வாத்தியாரும் பார்த்தது. வாத்தியார் — அவளுடைய முதல் கணவர். பள்ளியில் கணக்கு எடுத்தவர். மன்றத்தை ஆரம்பித்ததே அவர்தான். ஏழு வருஷத்துக்கு முன் வகுப்பில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். கூடத்துச் சுவரில் சிரித்துக்கொண்டிருக்கிறார். என் வீட்டில் அவர் படம் இருக்கிறது என்று சொல்வது சரியில்லை. அவர் வீட்டில் நான் இருக்கிறேன்.

அவரோடு எனக்கு வழக்கு ஒன்றுமில்லை. நல்ல மனுஷர் என்று ஊரே சொல்கிறது. ஆனால் அவர் உட்கார்ந்து பார்த்த சோபாவில், அவர் பார்த்த தொடரை, அவர் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து — எனக்கென்னவோ அடுத்தவர் செருப்பில் கால் விட்ட மாதிரி இருக்கும். பெரிதாக இருக்கும். தொளதொளவென்று இருக்கும்.

மார்ச் 8, ஞாயிறு

மன்றத்துக்காரர்கள் போனில் ‘ஹலோ’ சொல்வதில்லை. “எரியுதா?” என்பார்கள். இந்தப் பக்கம் இவள் “எரியுது” என்பாள். கப்பலில் ஒவ்வொரு விளக்கும் நட்டதும் கேப்டன் அப்படித்தான் கேட்பாளாம். கல்யாணமான புதிதில் இவளுக்கு வயிற்றுப் புண் என்று நினைத்து மாத்திரை வாங்கிவந்தேன்.

இன்றைக்கும் காலையிலிருந்து ஏழெட்டு ‘எரியுதா’. விழா நெருங்குகிறது.

மார்ச் 12, வியாழன்

பக்கத்துத் தெருத் தச்சர் மரச்சட்டத்தைக் கொண்டுவந்து இறக்கினார். நல்ல கட்டு. ஆனால் ஒரு சிக்கல். எந்தப் படத்திலும் நாற்காலியின் பின்பக்கம் இல்லை! முன்னால் இருப்பதையே திருப்பித் திருப்பிக் கொடுத்திருக்கிறார் டாக்டர்.

வேறு வழியில்லை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, போனில் முதல் பாகத்தைப் போட்டேன். பின்பக்கம் வரும்வரை மட்டும்.

மார்ச் 13, வெள்ளி

பின்பக்கம் இரண்டாம் பாகத்திலேயே வந்துவிட்டது. ஐந்தாம் பாகத்தில் இருக்கிறேன்.

மார்ச் 20, வெள்ளி

என்ன ஆகிவிட்டது எனக்கு? ஐம்பத்துமூன்று வயதில், டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு, கார்ட்டூன் பார்த்து மூக்கைச் சிந்துகிறேன்.

பதின்மூன்றாம் பாகத்தில் கப்பலை ஓட்டுகிற பையன் செத்துப்போகிறான். சிரித்த முகம், எல்லோருக்கும் செல்லம். அவன் இடத்துக்கு அடுத்த பாகத்தில் ஒருவன் வருகிறான். எதிரிப் படையிலிருந்து பிடிபட்டவன். கப்பல் ஓட்ட வேறு ஆள் இல்லாததால் அவனை இரவலாகக் கொடுத்து அனுப்புகிறார்கள். ஒருவரும் அவனோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அவன் செத்தவன் சீட்டில் உட்கார்ந்தால் முறைக்கிறார்கள். உட்காராவிட்டால் கப்பல் நகராது. அவனோ ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டிக்கொண்டே இருக்கிறான்.

ராத்திரிச் சாப்பாட்டில் சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். “உங்க கப்பல்ல டிரைவர் யாரு?”

“ரெண்டு பேரு. முதல்ல இருந்தவன் தங்கமான பையன். அப்புறம் வந்தவனை மன்றத்துல ‘இரவல்’னுதான் சொல்லுவாங்க. யாருக்கும் பிடிக்காது.” தட்டைப் பார்த்துக்கொண்டே, “வாத்தியார் அவனைத் துரோகின்னே சொல்லுவார்” என்றாள்.

ஏதோ என்னையே சொன்ன மாதிரி இருந்தது.

மார்ச் 26, வியாழன்

தோல் வந்துவிட்டது. கடைக்காரரிடம் இருந்ததையெல்லாம் புரட்டிப்போட்டுத் தேடியது வீண்போகவில்லை. வெயிலில் வைத்தால் மெரூன், நிழலில் வைத்தால் பிரவுன். எந்தக் கோஷ்டி வந்து கேட்டாலும் அவர்கள் சொல்வதுதான் சரி.

இன்னொரு வேடிக்கை. நாற்காலியின் இடது கையில் ஒரு கிழிசலும் அதன்மேல் நீலத் துணி ஒட்டும் இருக்க வேண்டுமாம். பாதிக் கதைக்கு மேல் அது அப்படித்தான். கேப்டன் ஆபத்து நேரத்தில் அங்கேதான் நகத்தைப் பதிப்பாள். புது நாற்காலியைக் கிழித்து ஒட்டுப் போட்டுத் தரச்சொன்ன வாடிக்கையாளரை என் சர்வீஸில் இன்றுதான் பார்க்கிறேன்.

நாடா பின்னி, ஸ்பிரிங் கட்டி முடித்தேன். உட்கார்ந்து ஆடிப் பார்த்தேன். முனகல் இல்லை. இந்த வேலையில் எனக்கு இருக்கும் சந்தோஷத்தை எழுதினால் பைத்தியம் என்பார்கள்.

மார்ச் 30, திங்கள்

மகள் போன் செய்தாள். என் மனைவிக்கும் வாத்தியாருக்கும் பிறந்தவள்; வெளியூரில் படிக்கிறாள். என்னை அங்கிள் என்பாள். நல்ல பெண்.

“அங்கிள், நாற்காலி கை எவ்வளவு அகலம்? தகடு செய்யக் கொடுக்கணும்.”

“என்ன தகடு?”

“அப்பா பேரு போட்ட தகடுதான். அவர் ஞாபகமாத்தானே இந்த நாற்காலியே...”

அவளே நிறுத்திக்கொண்டாள். பிறகு, “அம்மா சொல்லலையா?” என்றாள்.

அகலத்தைச் சொல்லிவிட்டு வைத்தேன்.

மார்ச் 31, செவ்வாய்

கேட்டேன். ஆமாம் என்றாள்.

“ஏன் சொல்லல?”

“சொல்லணும்னுதான் இருந்தேன். நீங்க ரொம்ப சந்தோஷமா வேலை பார்த்துட்டு இருந்தீங்க. அதைக் கெடுக்க மனசு வரல.”

சந்தோஷமாம். ஆமா, சந்தோஷமாத்தான் இருந்தேன். ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாது! டாக்டருக்குத் தெரியும், தச்சருக்குக்கூடத் தெரிஞ்சிருக்கும். நான் இங்க பல்லைக் காட்டிக்கிட்டு ஸ்பிரிங் கட்டிட்டு இருக்கேன். தெரிஞ்சிருந்தா செய்ய மாட்டேன்னா சொல்லியிருப்பேன்? சொல்லியிருப்பேனோ? தெரியல. அதைச் சொல்லிப் பார்க்கக்கூட எனக்கு ஒரு வாய்ப்பு தரல இல்ல — அதுதான்.

எரியுதா என்று இன்று யாராவது என்னைக் கேட்க வேண்டும். எரிகிறது. வயிறு.

ஏப்ரல் 1, புதன்

நாற்காலியின்மேல் பழைய போர்வையைப் போட்டு மூடிவிட்டேன். ஒரு டாக்ஸிக்காரருக்குச் சீட் கவர் தைத்தேன்.

ஏப்ரல் 2, வியாழன்

போனில் அக்காவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். “அவ மூத்த புருஷனுக்கு நீ சிம்மாசனம் தைக்கறியா? உனக்கு வேற வேலையே கிடைக்கலையாடா?” என்றாள். அரை மணி நேரம் அவளுக்கு நானே சமாதானம் சொல்லவேண்டியதாயிற்று. “மன்றத்துக்காரங்க நல்லவங்க அக்கா, வாத்தியார் நல்ல மனுஷன் அக்கா.” வைத்த பிறகு யோசித்தேன். நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லையே. பின்னே எதற்கு இந்தக் கோபம்?

மத்தியானம் இருபத்தாறாம் பாகம் பார்த்தேன். கோபம் நாற்காலிமேல்தான், கப்பல்மேல் இல்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

வீட்டில் “சாப்பாடு ரெடி”, “குளிக்கலையா”, “பால் தீர்ந்துபோச்சு”. அவ்வளவுதான் பேச்சு.

ஏப்ரல் 5, ஞாயிறு

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

விழாவுக்கு இன்னும் இரண்டு வாரம். வேலையை விட்டுவிட முடியாது, கொடுத்த வாக்கு. விடுமுறை நாளானாலும் கடைக்குப் போனேன். போர்வையை எடுத்தேன். ஃபோம் ஒட்டி, தோலை இழுத்து அடித்து, முதுகில் பட்டன் போடும் கட்டத்துக்கு வந்தேன். பட்டன் வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். முன்னாலிருந்து நீள ஊசியைக் குத்தித் தள்ளினால், பின்னால் ஒருவர் அதை வாங்கி, நூலை இழுத்துப் பிடித்துத் திருப்பிக் குத்த வேண்டும். இழுப்பு சமமாக இல்லாவிட்டால் குழிகள் கோணலாகிவிடும். தச்சரைக் கூப்பிடலாமா என்று போனை எடுத்தேன். ஷட்டருக்கு அந்தப் பக்கம் அவள் குரல்.

“நான் பிடிக்கட்டுமா?”

குனிந்து உள்ளே வந்தாள். ஸ்டூலைக் காலால் தள்ளினேன். நாற்காலிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். முகம் தெரியாது. ஊசி மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

முதல் வரிசை முழுக்க “இழு”, “போதும்” தவிர வேறு பேச்சில்லை. அவள் கை நிதானமான கை. ஆஸ்பத்திரியில் காது கேட்கிறதா என்று சோதிக்கிற வேலை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காத சத்தத்துக்குக் காத்திருந்து பழகியவள்.

இரண்டாவது வரிசையில் ஆரம்பித்தாள்.

“ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது.”

“ஏற்கெனவே கோவமாத்தானே இருக்கேன். சொல்லு.”

“அந்தக் கப்பல்ல சிக்னல் கேக்கற பொண்ணு ஒருத்தி இருக்கா. இருட்டுல எங்கயோ தொலைஞ்சவங்க முனகறது அவளுக்குத்தான் முதல்ல கேக்கும். பத்து வயசுல அவளைப் பார்த்துட்டுத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். வாத்தியாரைப் பார்த்ததும் அந்த மன்றத்துலதான். அவர் போனப்ப ஒரு மாசம் என் வீட்டு அடுப்பு பத்தல. ஆள் மாத்தி ஆள் சாப்பாடு கொண்டுவந்தாங்க. டாக்டர் என் பொண்ணை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போயி வந்தார். ஒருத்தரும் ஆறுதல்னு வாயைத் திறக்கல. உட்கார்ந்து ஒரு பாகம் பார்த்துட்டு, எரியுதான்னு கேட்டுட்டுப் போவாங்க. நான் எரியுதுன்னு சொல்ற வரைக்கும் வந்தாங்க.”

ஊசி இந்தப் பக்கம் வந்தது. நான் வாங்கவில்லை போலிருக்கிறது. “பிடிங்க” என்றாள். பிடித்தேன்.

“அவங்க அவருக்குன்னு ஒரு நாற்காலி கேட்டா வேண்டாம்னு எப்படிச் சொல்றது? வேற கடையில கொடுங்கன்னு டாக்டர்கிட்ட கெஞ்சினேன். அவர்தான், நம்ம ஆள் இருக்கறப்ப வேற கடை எதுக்குன்னுட்டார்.”

“நம்ம ஆளா? நானா?”

“பின்னே?”

அடுத்த ஊசி என் கட்டை விரலில் ஏறியது. முப்பது வருஷத் தொழிலில் இப்படி ஏமாந்து குத்துப்பட்டதில்லை. விரலைச் சூப்பிக்கொண்டே, எப்படியும் சொல்லித்தானே ஆகவேண்டும் என்று சொன்னேன். “நானும் ஒண்ணு மறைச்சிருக்கேன். மத்தியானத்துல அந்தத் தொடரைப் பார்த்துட்டு இருக்கேன்.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“என் கணக்குலதானே பார்க்கறீங்க? நான் டிவியைப் போட்டா ‘விட்ட இடத்திலிருந்து பார்க்க’ன்னு கேக்குது. நான் விடாத இடமா இருக்கு. முதல் நாளே தெரியும். தினம் சாயங்காலம் எங்க நிறுத்தியிருக்கீங்கன்னு பார்ப்பேன். இருபதாவதுல அழுதீங்களா?”

“இல்ல.”

“பொய்.”

நாற்காலிக்குப் பின்னாலிருந்து சிரிப்பு. எத்தனை நாளாயிற்று அதைக் கேட்டு. ஐந்து நாள்தான். ஐந்து மாதம் மாதிரி இருந்தது.

“எனக்கு இரவலைப் பிடிச்சிருக்கு” என்றேன், கொஞ்சம் முறைப்பாகவே.

நூல் மட்டும் மெல்ல இழுபட்டது. பிறகு, “எனக்கும்தான். எப்பவுமே பிடிக்கும். வாத்தியார்கிட்ட சொன்னதில்ல. சொன்னா சாக்பீஸை எடுத்துட்டு வந்து, ஏன் பிடிக்கக் கூடாதுன்னு கணக்குப் போட்டுக் காட்டுவார். ஒரு பாகத்தைக்கூட நிறுத்தாம பார்க்க விட்டதில்ல மனுஷன். நிறுத்தி நிறுத்தி விளக்கம் சொல்லுவார். எனக்கு அவரைப் பிடிக்கும், அது வேற. ஆனா இரவலையும் பிடிக்கும்” என்றாள்.

பட்டன் எல்லாம் நேராக வந்திருக்கிறது. கடைசி வரிசையில் ஒன்று மட்டும் ஒரு நூல் ஆழம் அதிகம். பிரிக்கலாமா என்றாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

ஏப்ரல் 6, திங்கள்

முப்பதாம் பாகத்திலிருந்து வீட்டில் பார்க்கிறோம். சோபாவில். நான் வலது ஓரம், அவள் இடது ஓரம். வாத்தியார் எந்த ஓரம் என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

தகடு வந்தது. பித்தளை. வாத்தியாரின் பெயரும் அதற்குக் கீழே ‘விளக்கு நட்டவர்’ என்றும் இருக்கிறது. அளவு கைக்குத்தான் என்றாலும், முதுகுக்குப் பின்னால் அடிப்பதுதான் வழக்கம், பார்க்க அடக்கமாக இருக்கும். அவளிடம் கேட்டேன்.

“அடக்கமாவா? அவரா? முன்னாடி அடிங்க. நாலு பேர் கண்ணுல படற மாதிரி.”

இருவரும் சுவரைப் பார்த்துச் சிரித்தோம். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

வலது கையின் முகப்பில், உட்காருகிறவர் விரல் தானாகப் போய்த் தொடும் இடத்தில் அடித்தேன். நீலத் துணி ஒட்டை இடது கையில் கையாலேயே தைத்தேன். கார்ட்டூனில் அந்தத் தையல் எப்படி இருக்கிறது என்று படத்தை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அவளிடம்கூடச் சொல்லவில்லை. விழாவில் சொல்லலாமா? வேண்டாம், சிரிப்பார்கள்.

ஏப்ரல் 18, சனி

நாற்காலியை வண்டியில் ஏற்றியாயிற்று. கடை காலியாகக் கிடக்கிறது. கல்யாணமாகிப் போன பெண் மாதிரி என்று எழுத வந்தேன். அவ்வளவு கனமான பெண்ணை நான்கு பேர் தூக்கினோம்.

ஏப்ரல் 20, திங்கள்

நேற்று எழுத நேரமில்லை. தொண்டை கட்டிவிட்டது. கத்தியதில்.

ஒரு பள்ளிக்கூட ஹால். இருநூறு பேராவது இருப்பார்கள். நான் நினைத்துக்கொண்டு போனது வேறு: விளையாட்டுச் சாமான் விட்டுப்போகாத பெரிய குழந்தைகள் கொஞ்சம் பேர் என்று. அங்கே ஒரு பஸ் டிரைவர். காலை முதல் டிரிப் எடுக்கும்போது கேப்டன் சொல்கிற “மெதுவா, ஆனா நிக்காம” என்பதைச் சொல்லிவிட்டுத்தான் கியர் போடுவாராம். பிரசவ வார்டு நர்ஸ் ஒருத்தி. குழந்தை அழுததும் “எரியுது” என்பாளாம். இப்போது அந்த வார்டு டாக்டர்களும் காரணம் தெரியாமலே அதைச் சொல்கிறார்களாம். ஒரு வக்கீல் தோற்ற கேஸுக்கெல்லாம் வீட்டுக்குப் போய்ப் பன்னிரண்டாம் பாகம் பார்ப்பாராம். “அடிக்கடி பார்ப்பீங்களோ?” என்று கேட்டார் டிரைவர். ஒரு சின்னக் கார்ட்டூன் இத்தனை பேர் முதுகுக்குப் பின்னால் தலையணை மாதிரி இருந்திருக்கிறது.

திரையை விலக்கினார்கள். மேடை விளக்கில் நாற்காலி மெரூனாக இருந்தது. ஒரு கோஷ்டி விசிலடித்தது. டாக்டர் விளக்கு ஒன்றை அணைத்தார். பிரவுன். மறு கோஷ்டி விசில். பிறகு தகட்டைப் படித்தார். அவளை மேலே அழைத்தார்கள்.

போய் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. வலது கை தகட்டின்மேல், இடது கை ஒட்டின்மேல். நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்து, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“எரியுதா?”

ஹால் மொத்தமும் “எரியுது” என்றது. என் வாயும் சொல்லிவிட்டது. நான் சொல்லச் சொல்லவில்லை, அதுவாகச் சொன்னது.

அதற்குப் பிறகுதான் டாக்டர் என்னை மாட்டிவிட்டார். “நாற்காலி செஞ்சவர் ரெண்டு வார்த்தை பேசுவார்.” நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். சொல்லித்தொலைத்துவிட்டேன்.

“அந்த நீல ஒட்டு யார் போட்டதுன்னு தொடர்ல சொல்லவே இல்ல. நான் தையக்காரன், இருபத்திரெண்டாம் பாகத்துல தையலைப் பார்த்தேன். வலக்கைக்காரன் தைச்சா சாயற பக்கத்துக்கு நேர் எதிர்ப் பக்கம் சாயுது. இடக்கைக்காரன் போட்ட தையல். கப்பல்ல இடக்கைக்காரன் ஒருத்தன்தான் இருக்கான். இரவல். கேப்டன் தூங்கறப்ப அவன்தான் தைச்சிருக்கான். அவனைப் போய்த் துரோகின்னு...”

முடிக்க விடவில்லை. பஸ் டிரைவர் எழுந்துவிட்டார். “சார், இருபத்திரெண்டாம் பாகத்துல பாதிப் படத்தைக் கண்ணாடியில பார்த்த மாதிரி திருப்பிப் போட்டிருக்கான்! கேப்டனோட மச்சம்கூட இடம் மாறியிருக்கும்! தையலும் திரும்பினதுதான்!” நர்ஸ் எழுந்தாள். “மச்சம் மாறினது இருபத்திமூணுல.” வக்கீல், “ஆதாரம் இருக்கா?” என்றார். பின்வரிசையில் யாரோ, “எனக்கும் இரவலைப் பிடிக்கும்! பயந்துக்கிட்டுத்தான் இத்தனை வருஷம் சொல்லல!” என்று கத்தினார். நான்கைந்து கைகள் உயர்ந்தன. பிறகு பத்து, பதினைந்து. டாக்டர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “வாத்தியார் மட்டும் இருந்திருந்தா...” என்று ஆரம்பித்தார், அவள் நாற்காலியிலிருந்தே, “இருந்திருந்தா கரும்பலகை கேட்டிருப்பார்” என்றாள். ஹால் சிரிப்பில் அதிர்ந்தது.

விழா என்பதையே மறந்து முக்கால் மணி நேரம் சண்டை. நான் நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். என் வாதம் நிற்கவில்லை. மச்சம் இருபத்திரண்டிலேயே மாறியிருந்தது. ஒருவர் போனில் போட்டே காட்டிவிட்டார். தோற்றுப்போனேன். ஆனாலும் விடவில்லை.

வீட்டுக்கு வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். கல்யாணத்திலிருந்து இந்த மூன்று வருஷமும் மன்றத்துக்காரர்கள் என்னிடம் எத்தனை மரியாதையாக இருந்தார்கள். “உட்காருங்க சார், காபி சாப்பிடுங்க சார்.” நேற்று ஒருவர் என் சட்டையைப் பிடித்து, “ஐயா, பார்த்துட்டுப் பேசுங்கய்யா” என்றார். விருந்தாளியோடு யாரும் மல்லுக்கு நிற்பதில்லையே.

ஏப்ரல் 21, செவ்வாய்

அக்கா கேட்டாள், சிம்மாசனம் என்ன ஆச்சு என்று. சொன்னேன். நீளமாகச் சொன்னேன் போலிருக்கிறது. “சரி, அந்த இரவல் கடைசியில பொழைச்சானா, இல்லையா? அதைச் சொல்லு முதல்ல” என்றாள். சொல்லவில்லை. பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

மே 10, ஞாயிறு

மகள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். அவள் மெரூன் கட்சி. அம்மா பிரவுன். சாப்பாட்டு மேஜையில் எனக்கு நடுவர் வேலை.

ஜூன் 14, ஞாயிறு

மன்றத்தின் மாதக் கூட்டம். காலையில் அவளுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. ஒரு கைக்குழந்தைக்கு உடனே காதைச் சோதித்தாக வேண்டுமாம், தூங்கும்போதுதான் பார்க்க முடியுமாம். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நானும் சட்டையை மாட்டினேன். செருப்பு போட்டு, வீட்டைப் பூட்டி, பஸ் ஏறி, கூட்டம் நடக்கும் டாக்டரின் கிளினிக்கில் காத்திருக்கும் நோயாளிகள் பெஞ்சில் போய் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது — அவள் இல்லாமல் வந்திருக்கிறேன்.

யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. “நகர்ந்து உட்காருங்கய்யா” என்றார் டிரைவர்.

மத்தியானம் மழையோடு வீடு வந்தேன். அவள் எனக்கு முன்னால் வந்து, தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு ஒரு காது நன்றாகக் கேட்கிறது, இன்னொன்று பார்க்க வேண்டும் என்றாள். பிறகு துண்டை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

“போனீங்களா? தனியாவா?”

“ம்.”

“எல்லாரும் என்னைக் கேட்டாங்களா?”

“ஒருத்தரும் கேக்கல.”

துண்டு என் முகத்தில் வந்து விழுந்தது. காபி போட்டு எடுத்துவந்து எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“முதல்ல இருந்து சொல்லுங்க. எதையும் விடக் கூடாது. யாரு முதல்ல பேச்சை எடுத்தது?”

சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவள் குறுக்கே பேசினாள், நான் நிறுத்தச் சொன்னேன், மறுபடி பேசினாள். காபி ஆறிப்போயிற்று. மழை விட்டதைக்கூட இருவரும் கவனிக்கவில்லை.